தொலைக்காட்சித் திண்ணை

ஊரைவிட்டு வந்தபோது நம் பெரியவர்கள் பெட்டிகளில் எதை எதையோ அடுக்கிக் கொண்டுவந்தார்கள். அம்மிக்குழவி வந்தது; காப்பி வடிகட்டி வந்தது; குலதெய்வத்தின் படமும், மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கைக் காசும் வந்தன. திண்ணை ஒன்றுதான் வரவில்லை. ரயிலில் ஏற்ற முடியாத பொருள் அது. செகந்திராபாத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாழும் நமக்கு, வாசற்படியைத் தாண்டினால் லிப்டின் கதவுதான் எதிர்ப்படுகிறது. அங்கே நின்றுகொண்டு யாரோடு என்ன பேசுவது?

திண்ணையில் பேசப்பட்டவை பெரும்பாலும் உலகுக்கு வேண்டாத பேச்சுகளே. முடிந்துபோன தேர்த்திருவிழாவைப் பற்றி ஆறு மாதம் பேசுவார்கள். வடம் எந்த முக்கில் சிக்கிற்று, கட்டை போடுகிறவன் ஏன் பிந்தினான், பத்து ஆண்டுகளுக்கு முன் இதே முக்கில் தேர் எவ்வளவு நேரம் நின்றது என்றெல்லாம் விவகாரம் நடக்கும். தேர் ஓடுவது ஒரு நாள். பேச்சிலோ அது ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். அத்தகைய திண்ணை ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கண்டோம். அது கால்பந்தைப் பற்றிய உரையாடல் நிகழ்ச்சி. நம் வீட்டில் அதற்கு வழங்கிய பெயர் ‘திண்ணை’ என்பதே.

இந்தியன் சூப்பர் லீக் என்னும் தொழில்முறைக் கால்பந்துத் தொடர் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் கொல்கத்தாவில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. ஆட்டம் 90 நிமிடம். ஆனால் அதற்கு முன்னும், இடைவேளையிலும், முடிந்த பின்னும் ஓர் அரங்கில் சிலர் அமர்ந்து பேசுவார்கள். வளைந்த மேசை ஒன்று, நெறியாளர் ஒருவர், முன்னாள் ஆட்டக்காரர்கள் இருவர் அல்லது மூவர், பின்னால் பெரிய திரை. திரையில் ஓடும் ஆட்டத்தைச் சட்டென்று நிறுத்துவார்கள். ஓடிக்கொண்டிருந்தவன் ஒற்றைக் காலில் அந்தரத்தில் நிற்பான். அவனைச் சுற்றி ஒரு வட்டம் விழும். வட்டத்திலிருந்து ஓர் அம்பு புறப்படும். “பந்தை இங்கே தட்டியிருந்தால் அங்கே வழி திறந்திருக்கும்” என்பார் ஒருவர். “அங்கே ஆள் வந்திருக்கமாட்டான்” என்பார் மற்றவர். தேர் வடம் சிக்கிய கதையேதான்.

அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே வாழும் நமக்கு இதில் ஒரு வியப்பு உண்டாயிற்று. கோப்பில் குறிப்பெழுதும்போது முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறகு விதியைச் சொல்ல வேண்டும். முடிவில் ‘உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இந்த அரங்கத்தில் ஒதுங்குவார் எவருமில்லை. ஒவ்வொருவரும் தீர்ப்பே கூறினர். ஐந்து நிமிடத்தில் அத்தீர்ப்பு பொய்த்துப் போனாலும், சற்றும் கூசாமல் அடுத்த தீர்ப்புக்குப் போய்விடுவர். பொறாமை கொள்ளத்தக்க துணிவு அது!

இந்தத் திண்ணையில் நம் வீட்டில் முதலில் அமர்ந்தவர் யார் என்று கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கால்பந்தில் எத்தனை பேர் ஆடுகின்றனர் என்பதையும் அதுவரை அறியாத நம் மனைவிதான். ஆட்டம் தொடங்கியதும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். பேச்சு தொடங்கியதும் வந்து அமர்வாள். “ஆட்டத்தில் என்ன இருக்கிறது, எல்லாரும் ஓடுகிறார்கள். இவர்கள் பேசும்போதுதான் யார் எதற்கு ஓடினார்கள் என்று தெரிகிறது” என்பாள். அதில் உண்மையில்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் தமிழ் அலைவரிசையைத் தொடங்கிய பின்னர், கால்பந்துப் பேச்சும் தமிழில் நம் கூடத்துக்கு வந்தது. ‘கார்னர்’ என்பதையும் ‘ஆஃப்சைடு’ என்பதையும் அப்படியே வைத்துக்கொண்டு, இடையிடையே சென்னைத் தெருவின் வேகத்தோடு பேசினார்கள். வீட்டுக்கு வெளியே தெலுங்கும் உருதுவும் இந்தியும் கேட்டுப் பழகிய செவிக்கு, சண்டை போட்டுக்கொள்ளும் தமிழைக் கேட்பதில் ஒரு தனி இன்பம் இருந்தது. நம் சங்கக் கூட்டங்களில் கேட்கும் தமிழ் எப்போதும் வாழ்த்திக்கொண்டே இருக்கும். சண்டையிடும் தமிழ் அங்கே அரிது. நிர்வாகக் குழுத் தேர்தலை மட்டும் விலக்காகக் கொள்ளலாம்.

தொடர் தொடங்கிய காலத்தில் ஐதராபாத்துக்கென்று அணி இல்லை. ஆகவே நம் வீட்டில் குழப்பமும் இல்லை. சென்னையின் எஃப்.சி. நமது அணி. 2015 டிசம்பரில் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில், தோற்றுவிட்டது என்று எண்ணிய நேரத்தில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து, 3-2 என்று அது வென்றபோது நாம் எழுப்பிய கூச்சலுக்குக் கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டினர். 2018 மார்ச்சில் பெங்களூரிலும் அதே 3-2 கணக்கில் இரண்டாம் முறை வாகை சூடியது. அப்போது கீழ்வீட்டார் வரவில்லை, பழகிவிட்டனர்.

2019 ஆகஸ்டில் பூனா நகரத்து அணியின் இடத்தில் ஐதராபாத் எஃப்.சி. என்னும் புதிய அணி தோன்றியது. கச்சிபவுலியிலுள்ள பாலயோகி விளையாட்டரங்கம் அதன் இருப்பிடம். தனது முதல் ஆட்டத்திலேயே கொல்கத்தாவில் 5-0 என்று தோற்றது. அந்தப் பருவத்தில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் கடைசி இடத்தில் நின்றது. திண்ணையில் அமர்ந்தோர் அதனைப் பற்றிப் பேசும்போது, தேர்வில் தோற்ற பிள்ளையின் தகப்பனாரோடு பேசும் தொனியில் பேசினர். நமக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் நம் மகன் மஞ்சள் நிறச் சட்டை ஒன்று வேண்டும் என்றான். மஞ்சள் ஐதராபாத் அணியின் நிறம்.

“நமக்குத்தான் சென்னை இருக்கிறதே” என்றோம்.

“அது உங்க ஊர் அப்பா. நம்ம ஊர் இதுதானே?” என்றான்.

அவன் தமிழில்தான் சொன்னான், பிழையில்லாத தமிழில். ‘உங்க ஊர்’, ‘நம்ம ஊர்’ என்னும் இரு சொற்களை அவன் எவ்விதத் தயக்கமுமின்றி இடம் மாற்றி வைத்ததுதான் நம்மைச் சற்று நேரம் பேசவிடாமல் செய்தது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் கேட்டே தீரவேண்டிய சொல் அது. சிலர் திருமணப் பேச்சின்போது கேட்கின்றனர். நாம் கால்பந்தின் வாயிலாகக் கேட்டோம். சட்டை வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த இரு பருவங்களும் பெருந்தொற்றின் காரணமாகக் கோவாவிலேயே, பெரும்பாலும் ஆளில்லாத அரங்கங்களில் நடந்தன. ஊருக்குப் பெயர் கொண்ட அணி ஊரில் ஆடவில்லை. அதனைக் கண்டது தொலைக்காட்சி வழியாகத்தான். அறிந்தது திண்ணைப் பேச்சு வழியாகத்தான். ஸ்பெயினிலிருந்து வந்த மனோலோ மார்க்கெஸ் என்னும் பயிற்சியாளரின் கையில் கடைசி இடத்து அணி உருமாறியது. நைஜீரியரான ஒக்பெச்சே 2021-22 பருவத்தில் 18 கோல் அடித்தார். வீட்டிலேயே அடைபட்டிருந்த அந்த நாட்களில், மாலையில் அந்த அரங்கத்து விளக்குகள் எரியும்போது, யாரோ நால்வர் நம் வீட்டுக்கு வந்து அமர்ந்ததுபோல இருந்தது என்றால் அது மிகையாகாது.

அக்காலத்தில்தான் எதிர்வீட்டுப் பெரியவர் நம் கூடத்துக்கு வரத் தொடங்கினார். எண்பதைக் கடந்தவர். பொலாரத்தில் பிறந்து, லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய பாட்டனார் சென்னை மாகாணப் படையோடு இந்தப் பாசறை நகருக்கு வந்தவராம். நம்மைப்போல வேலை மாற்றலில் வந்த தமிழரல்லர். இங்கே வேர்விட்ட தமிழர். அவர் பேசும் தமிழில் பாதி உருது. ஆட்டத்தைப் பார்ப்பார், திண்ணைப் பேச்சு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். உறங்குகிறார் என்று நாம் எண்ணியிருந்தோம்.

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. கோவாவின் ஃபத்தோர்டா அரங்கில் இறுதியாட்டம். ஐதராபாத்தும் கேரள பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. 68ஆம் நிமிடத்தில் கேரளத்தின் ராகுல் ஒரு கோல் அடித்தார். 88ஆம் நிமிடத்தில் சாகில் தவோரா அதனைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு தெரியாமல், பெனால்டி உதைகள் வந்தன. ஐதராபாத்தின் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். 3-1 என்று ஐதராபாத் வென்றது. மகன் மஞ்சள் சட்டையோடு மாடிப்படிகளில் மேலும் கீழும் ஓடினான். தமிழர் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் நிறைந்த அந்தக் கட்டடத்தில், அவனுடன் சேர்ந்து ஓடிய பிள்ளைகள் எந்த மொழியில் கத்தினார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை.

பிறகு திண்ணைப் பேச்சு தொடங்கியது. ஐதராபாத் ஆடும் முறையை விளக்கினார்கள். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல், ஒரே தொடுகையில் அடுத்தவனுக்குத் தட்டிவிட்டு ஓடுதல். அம்புகள் அங்குமிங்கும் பறந்தன. இது ஸ்பெயின் நாட்டுப் பள்ளியின் முறை என்றார் ஒருவர். அப்போது பெரியவர் கண்ணைத் திறந்தார்.

“தம்பி, இதற்கு ஸ்பெயின் வரைக்கும் போக வேண்டுமா? ஃபத்தே மைதானத்துக்குப் போயிருந்தால் போதுமே” என்றார்.

அன்றிரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர் கூறியதைக் கேட்டோம். பிறகு நூல்களிலும் பழைய செய்திகளிலும் தேடிச் சரிபார்த்துக்கொண்டோம். எழுத்தர் புத்தி போகுமா?

சையத் அப்துல் ரகீம் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950இல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியை ஏற்றார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கால்களுக்கிடையே பந்தை உருட்டி ஏய்த்துக்கொண்டே ஓடக்கூடாது என்ற விதியோடு ரகீம் போட்டிகள் நடத்துவாராம். வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலால் மட்டுமே ஆடவேண்டும் என்றும் ஒருவகைப் போட்டி. பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா? வராத பாடத்தைத்தான் மறுபடி மறுபடி எழுதச் சொல்வார். இந்தியாவின் பயிற்சியாளராக 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கு அணியை உயர்த்தினார். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். புற்றுநோயால் 1963 ஜூன் 11ஆம் நாள் மறைந்தார். 2024இல் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் வந்த பிறகு அவர் பெயர் பலருக்கும் தெரிந்திருக்கிறது. 2022இல் நம் கூடத்தில் பெரியவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

“அந்த அணியிலே நம்ம பிள்ளை ஒருத்தன் இருந்தானே, அம்முகுடா பையன், பலராம்” என்றார் பெரியவர்.

“நம்ம பிள்ளை என்றால்?” என்று மகன் கேட்டான். அவனுக்கு அந்தச் சொல்லில் இப்போது அக்கறை உண்டு.

“தமிழ்ப் பிள்ளைடா. தாயார் பெயர் முத்தம்மா.”

அம்முகுடா நம் வீட்டிலிருந்து பேருந்தில் எட்டும் இடம். சிறிய ரயில் நிலையம் ஒன்று உண்டு. எத்தனையோ முறை அவ்வழியே போயிருக்கிறோம். துளசிதாஸ் பலராம் 1936இல் அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரகீமின் கண்ணில் பட்ட அந்த இளைஞரிடம், செகந்திராபாத்திலிருந்து ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லை. ரகீம் ஒரு சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார் என்று சொல்வதுண்டு. இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். 1957இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். 1961இல் அதன் தலைவரானார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒன்று, பெரு நாட்டுக்கு எதிராக ஒன்று என இரண்டு கோல் அடித்தார். ஜகார்த்தாவில் தங்கம் வென்ற இறுதியாட்டத்திலும் ஆடினார். 1962இல் அர்ஜுனா விருது பெற்றார். மார்பு நோயினால் இருபத்தேழாம் வயதிலேயே ஆட்டத்தை விட நேர்ந்தது. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்ற மூவரையும் வங்காளத்தார் ஒரே மூச்சில் சொல்வர். முதலிருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. மூன்றாமவருக்கு வரவில்லை.

அதே ஜகார்த்தா இறுதியாட்டத்தில் இந்தியாவின் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அவரும் 1935இல் ஐதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தின் சிறு கழகங்களில் ஆடத் தொடங்கி, 1953இல் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சேர்ந்தவர். முதலில் முன்வரிசையில் கோல் அடிக்கும் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் பிறகு கோலைக் காக்க வந்தார் என்பது ஒரு வேடிக்கை.

இந்த இடத்தில் ஒரு வெட்கத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்நிகழ்ச்சியில் அமர்ந்தோர் ஸ்பெயினைச் சொன்னார்களே, பலராமைச் சொல்லவில்லையே என்று அவர்களைக் குறைகூற நாம் வாயெடுத்தோம். எடுத்த வாயை மூடிக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய மலர் ஒன்றில் ‘இந்நகரில் ஒளிர்ந்த தமிழர்’ என்று நாமே ஒரு கட்டுரை எழுதியிருந்தோம். அதில் பாடகர் இருந்தனர், பேராசிரியர் இருந்தனர், உயர் அதிகாரிகள் நிரம்ப இருந்தனர். பந்தை உதைத்தவர் ஒருவரும் இல்லை. அம்முகுடாவின் பிள்ளை அப்போது வங்காளத்தில், ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தரபாராவில் வாழ்ந்துகொண்டிருந்தார். தொலைக்காட்சிக்காரர்கள் நேற்றைப் பேசாதது அவர்களது தொழில். நாளைக்கு வேறு ஆட்டம் உண்டு. நேற்றைப் பேசுவதற்கென்றே மலர் போடும் நமக்கு என்ன சமாதானம் உண்டு?

அவருக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று அன்றிரவே முடிவு செய்தோம். அடுத்த பொங்கல் விழாவுக்கு அழைக்கலாம். வர இயலாவிட்டால் ஒரு வாழ்த்துச் செய்தியாவது பெறலாம். சங்கத்து நண்பர்களும் மகிழ்ந்தனர். கடிதம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நம்மிடமே அப்பணி ஒப்படைக்கப்பட்டது.

தமிழில் ஒரு வரைவு எழுதினோம். ‘பெருமதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கியது. அறுபத்தைந்து ஆண்டுகளாக வங்காளத்தில் வாழ்பவருக்குத் தமிழ் படிக்க வருமோ என்று ஒருவர் ஐயம் எழுப்பினார். ஆங்கிலத்தில் ஒரு வரைவு தயாராயிற்று. தமிழ்ச் சங்கம் தமிழருக்கு ஆங்கிலத்தில் எழுதுவதா என்று மற்றொருவர் கேட்டார். இரண்டையும் இணைத்து அனுப்பலாம் என்று முடிவாவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. பிறகு முகவரி தேடினோம். பிறகு தீபாவளி. பிறகு அலுவலகத்தில் தணிக்கை. அந்தப் பொங்கல் வழக்கம்போல் கோலப்போட்டியோடு நடந்தது. நாமும் பரிசு வழங்கும் வரிசையைச் சரிசெய்வதில் முனைந்திருந்தோம்.

2023 பிப்ரவரி 16ஆம் நாள் துளசிதாஸ் பலராம் கொல்கத்தாவில் காலமானார். மறுநாள் அலுவலகத்தில் செய்தித்தாளைப் பிரித்தபோது கண்டோம். வரைவு இருந்த உறை மேசையின் இழுப்பறையில் இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து பெரியவரிடம் சொன்னோம். “அப்படியா” என்றார். சற்றுப் பொறுத்து, “அவனுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் என்னவாயிற்று என்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஐதராபாத் எஃப்.சி.யின் கதையையும் சொல்லிவிடுவோம். அது நீண்ட கதையன்று. 2022-23 பருவத்தில் கச்சிபவுலியில் மக்கள் முன்னிலையில் ஆடி, பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. மகனோடு நாமும் ஒருமுறை போய்வந்தோம். செகந்திராபாத்திலிருந்து போகும் நேரமும் ஆட்ட நேரமும் ஏறத்தாழ ஒன்று. நேரில் பார்த்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று திரும்பும் வழியில்தான் புரிந்தது. யாரும் விளக்கம் சொல்லவில்லை. பந்து எங்கே போகிறதென்று நாமே பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த பருவத்தில் அணியைப் பணமுடை பற்றிக்கொண்டது. அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் விலகினர். மார்க்கெஸ் முன்னரே கோவாவுக்குப் போய்விட்டார். இளம் இந்திய வீரர்களை வைத்துக்கொண்டு 22 ஆட்டங்கள் ஆடி, ஒன்றில் மட்டும் வென்று, 8 புள்ளிகளோடு கடைசியில் நின்றது. அந்த ஒரே வெற்றியும் எங்கே கிடைத்தது தெரியுமா? சென்னையில், சென்னையின் எஃப்.சி.யைத் தோற்கடித்து! நம் வீட்டில் அன்று ஒருவன் துள்ளினான்; ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தத் தலையில் வைத்த கைக்குள்ளே ஒரு புன்னகை இருந்ததை நம் மனைவி கண்டுகொண்டாள். “எந்த ஊருக்குச் சிரிக்கிறீர்கள்?” என்றாள். இன்றும் அதற்கு விடை சொல்லவில்லை.

2024இல் உரிமை கைமாறியது. 2025 அக்டோபரில் அணி தில்லிக்குப் போயிற்று. ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயரும் மாறியது. ஆறே ஆண்டுகள். பூனாவிலிருந்து வந்தது, தில்லிக்குப் போனது. மாற்றல் உத்தரவுகளை அன்றாடம் பார்க்கும் நமக்கு அதில் புதுமை ஏதும் தோன்றவில்லை. மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. பதினெட்டை எட்டிய பிள்ளை, வெளிப்படையாக அழவில்லை. மஞ்சள் சட்டையை அலமாரியின் அடித்தட்டில் வைத்தான். “அது எப்படி அப்பா, ஊரை விட்டுவிட்டு அணி மட்டும் போகும்?” என்று கேட்டான். ஊரை விட்டுவிட்டு வந்தவர்களின் வீட்டில் நின்றுகொண்டு அவன் இதைக் கேட்டான் என்பதை அவன் கவனிக்கவில்லை. நாம் கவனித்தோம்.

அந்த வாரம் ஒரு மாலையில் பெரியவர் வந்தார். பழக்கத்தினால் வந்தார் போலும். தொலைக்காட்சி அணைந்திருந்தது. நம் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்து முடித்ததும் மகன் திடீரென்று, “தாத்தா, ஜகார்த்தாவில் பலராம் எந்தப் பக்கம் நின்றார்?” என்று கேட்டான்.

“நான் ஜகார்த்தாவைப் பார்த்தவனில்லை. பேப்பரிலே படித்ததுதான். ஆனால் அவன் ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும்” என்றார் பெரியவர். பிறகு மெல்ல முன்னால் சாய்ந்து, முக்காலியின் மேலிருந்த பாத்திரங்களை நகர்த்தத் தொடங்கினார். ஒரு பெரிய டம்ளரை விளிம்பில் வைத்து, “தங்கராஜ்” என்றார். சர்க்கரை டப்பா ஜர்னைல் சிங். தலையில் தையல் போட்ட காயத்தோடு முன்வரிசைக்கு வந்து கோல் அடித்தவர் அவர் என்பதால், டப்பாவை நடுவில் கொண்டுபோய் வைத்தார். டவரா ஒன்று சுனி கோஸ்வாமி. மூக்குக்கண்ணாடிக் கூடு பி.கே. பானர்ஜி. கடைசியில், மிகச் சிறிய டம்ளரை எடுத்து இடப்புறம் வைத்தார். “இங்கே நிற்பான். ஆனால் நிற்கமாட்டான்” என்று சொல்லி, அதனைச் சுனிக்குப் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ளிக் காட்டினார். தென் கொரியர்களுக்குக் கொட்டைப்பாக்கு. இந்தியா இரண்டு, கொரியா ஒன்று.

மகன் தரையில் அமர்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். “இங்கே தட்டியிருந்தால்?” என்று கேட்டு ஒரு டம்ளரை நகர்த்தினான். “அங்கே ஆள் வரமாட்டான்” என்றார் பெரியவர். நாமும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நமக்குத் தோன்றிய ஒரு தீர்ப்பைச் சொன்னோம். இருவரும் அதை ஏற்கவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கும் நேரத்தில் நம் மனைவி வந்து, பால் ஆற்றுவதற்குப் பெரிய டம்ளர் வேண்டும் என்று தங்கராஜை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோல் திறந்து கிடந்தது. பெரியவர் சற்று யோசித்து, தமது மாத்திரைப் புட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அந்த இடத்தில் நிறுத்தினார். ஆட்டம் தொடர்ந்தது.